கை உள்ள, கால் வெளிய

இதை எட்டு விரலால் எழுதுகிறேன். கதை கட்டிச் சொல்வதற்கு எனக்குத் திறமையும் இல்லை, தேவையும் இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் திருவொற்றியூர் வந்து என் இடது கையைப் பார்த்துக்கொள்ளலாம். ஆள்காட்டி விரல் இல்லை. நடுவிரல் இல்லை. எப்படிப் போயின என்று இதுவரை வெளியாட்கள் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவன் சிரித்தான். இன்னொருவன் அதற்குப் பிறகு என் ஷெட் பக்கம் வருவதில்லை.

முதலில் என்னைப் பற்றி. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் சேர்ந்து இரண்டாம் வருடம் நின்றவன். பிறகு மாதவரம் பக்கம் ஒரு கால்டாக்ஸி ஷெட்டில் பதினோரு மாதம் இரவு வேலை. பத்து மணிக்குப் போனால் காலை ஆறு. ஒரு நாள் அதையும் விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, சிம் கார்டை மாற்றினேன், அவ்வளவுதான். பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கும் பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

இப்போது நண்பன் திலீப்புடன் சேர்ந்து எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி ஒரு ஷெட் வைத்திருக்கிறேன். முன்பு மீனுக்கு ஐஸ் உடைத்த இடம். தரை எப்போதும் சில்லென்று இருக்கும். ஒரே ஷட்டர். துருப்பிடித்தது. தூக்கினால் நாலு வீடு தாண்டி நாய் குரைக்கும். இந்த ஷட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் பிப்ரவரி. காசிமேட்டில் மூன்று விசைப்படகு வைத்திருக்கும் தாமோதரன் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். அறுபதுகளின் வண்டி. சிவப்பு. இரண்டே சீட், மேலே கூரை கிடையாது. எந்த மாடல் என்று சொல்ல மாட்டேன். சொன்னால், பெயரை மாற்றி எழுதியும் பயனில்லை, வண்டி யாருடையது என்று ஊரே கண்டுபிடித்துவிடும். அவர் மகனுக்குக் கல்யாணம். ஞாயிறு காலை ஐந்தரைக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் இந்த வண்டியில் உட்காரவைத்து மண்டபத்துக்கு ஊர்வலம். பெண்ணின் பெயர் மலர். திலீப்பின் தெருவில் வளர்ந்தவள்.

வண்டி ஓடியது. நிற்கவில்லை. முன் சக்கரங்களின் பிரேக் காலிப்பர் இரண்டும் செத்துப்போயிருந்தன. காலிப்பர் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்தும் கிடுக்கி. பெடலை மிதித்தால் உள்ளேயிருக்கும் பிஸ்டன் ஆயில் அழுத்தத்தில் வெளியே வந்து நெருக்கும். இந்த வண்டிக்கான காலிப்பர் வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம் ஆகும். எங்களுக்கு இருந்தது நான்கு நாள்.

அதனால் வேறு காரின் காலிப்பரை மாட்டுவது என்று முடிவு. எண்ணூரில் பக்ருதீன் பாயின் காயலாங்கடையில் ஒரு ஜோடி கிடைத்தது. அளவு கிட்டத்தட்ட சரி. நடுவில் ஒரு இரும்புத் தகடு வெட்டி, துளை போட்டு, அதன்மேல் பொருத்த வேண்டும். மேலே சேறும் கிரீஸும் ஒரு விரல் கனத்துக்குக் காய்ந்திருந்தன. பிஸ்டன் பக்கத்தை மட்டும் சுத்தம் செய்தேன். மற்றதைச் சுரண்ட நேரமில்லை.

சனி இரவு 11.40க்கு இரண்டையும் மாட்டி முடித்தோம். பேட்டரியைக் கழற்றி மேசையில் சார்ஜ் போட்டிருந்தேன். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

12.30க்கு ஏர் எடுக்க ஆரம்பித்தோம். பிரேக் ஆயிலில் காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் சீட்டில் உட்கார்ந்து மிதிப்பான். ஒருவன் சக்கரத்தருகே படுத்து, காலிப்பரில் காற்றும் ஆயிலும் வெளியேறும் சின்னத் திருகான நிப்பிளைத் திறந்து மூடுவான். காலிப்பருக்குள் கைவிட வேண்டுமென்றால் கீழே இருப்பவன் "கை உள்ள" என்று கத்துவான். மேலே இருப்பவன் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு "கால் வெளிய" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் கையை நுழைக்கக் கூடாது. நான் தொழில் பழகிய எல்லா ஷெட்டிலும் இதுதான் வழக்கம்.

திலீப் மிதித்தான். நான் திறந்து மூடினேன். ஒரு மணி நேரம். ஒரு லிட்டர் ஆயில்.

"இன்னா மாமு, அடி வரிக்கும் போவுது."

"இன்னொரு தபா மிதி."

"என் காலு கயண்டுடும் போல கீது. ஆனா பிரேக்கு புடிக்காது."

1.50க்குக் காரணம் தெரிந்தது. நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். காற்று மேலேதான் ஏறும். எங்கள் காலிப்பரில் நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தேன். விடியும்வரை ஆயில் ஊற்றினாலும் அந்தக் காற்று வெளியே வராது. மாற்ற வேண்டுமென்றால் தகட்டைப் புதிதாக வெட்டித் துளை போட வேண்டும். குறைந்தது மூன்று மணி நேரம்.

பார்த்தேன். பார்த்தும் விட்டேன்.

"ரெண்டு தபா மிதிச்சா புடிச்சிக்கும். எட்துனு போவட்டும்," என்றேன்.

திலீப் சீட்டிலிருந்து இறங்கினான். "வெளயாடுறியா? எங்க தெரு பொண்ணு ஒக்காரப் போவுது அதுல. ரோட்ல எம்மாம் ட்ரெய்லர் நிக்குது, கண்ணு தெரியாதா உனுக்கு?"

"ஊர்வலம்தான நைனா. நடக்கற வேகத்துல போவாங்க."

"மண்டபத்துலர்ந்து திரும்பறப்ப? அந்தப் பையன் ஸ்பீடா ஓட்டுவான். புதுப் பொண்டாட்டி பக்கத்துல."

அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"டீ குட்ச்சிட்டு வர்றேன். அதுக்குள்ள உனுக்கு புத்தி வர்தா பாரு," என்றான். ஷட்டரைத் தூக்கினான். கிரீச். வெளியே போய் நாய் நுழையாமலிருக்க முழுதாக இறக்கினான். கிரீச். மணி 2.10. டீக்கடை முந்நூறு அடி தூரத்தில். துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் ட்ரெய்லர் டிரைவர்களுக்காக இரவு முழுதும் திறந்திருக்கும்.

நான் இடது முன் சக்கரத்தருகே தரையில் உட்கார்ந்திருந்தேன். சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தோம். ஸ்டீரிங் வலது பக்கம். அங்கிருந்து பார்த்தால் பானெட்தான் தெரியும். சீட் தெரியாது.

இடது பிஸ்டன் கொஞ்சம் இறுகி நகர்வது போல ஒரு சந்தேகம். வண்டியைக் கொடுக்கும்முன் அதையாவது பார்த்துவிடலாம் என்று, தட்டைக் கவ்வும் பிரேக் பேடைக் கழற்றினேன். இப்போது பிஸ்டனுக்கும் இரும்புத் தட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடம்.

2.19.

டக்… டக்.

தகரத்தில் மோதிரத்தால் தட்டுவது போல இரண்டு தட்டு. காரின் வலது பக்கத்திலிருந்து.

பிறகு சீட் ஸ்பிரிங் அமுங்கும் சத்தம். ஆள் ஏறி உட்கார்ந்தால் வண்டி லேசாகச் சாயும். சாய்ந்தது. என் கண்முன்னால் காலிப்பர் அரை அங்குலம் அசைந்தது.

"திலீப்பா? அதுக்குள்ள டீ குட்ச்சிட்டியா?"

பதில் இல்லை. கோபத்தில் இருக்கிறான் என்று நினைத்தேன். ஷட்டர் சத்தம் கேட்டதா என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

"சரி, மெதுவா ஒரு மிதி மிதி. பிஸ்டன் வர்தானு பாக்கணும்."

பிஸ்டன் வந்தது. ஒரு நூல் அளவு. கூடவே பின்சுவர் சிவப்பானது. பிரேக் லைட்.

"வுடு."

சுவர் இருண்டது.

பிஸ்டனின் ஓரத்தில் ஒரு சின்ன இரும்புத் துகள் ஒட்டியிருந்தது. அதனால்தான் இறுக்கம். விரலால் எடுக்க வேண்டும்.

"கை உள்ள!"

சாலையில் ஒரு ட்ரெய்லர் பிரேக் காற்றை விட்டது. புஸ்ஸ்ஸ்…

பிறகு பதில் வந்தது.

"கால் வெளிய இருக்கு."

இருக்கு. திலீப் சொல்லும் 'கீது' இல்லை. அதையும் நான் கவனிக்கவில்லை. இரண்டு விரலை உள்ளே விட்டேன்.

துகளைத் தொட்டேன். வழுக்கியது. இன்னும் கொஞ்சம் உள்ளே.

அப்போதுதான் மேசை கண்ணில் பட்டது. சார்ஜர். அதன் பச்சை விளக்கு. அதன் பக்கத்தில் பேட்டரி.

பேட்டரி மேசையில் இருந்தால்…

பிரேக் லைட் எப்படி எரிந்தது?

கையை இழுக்கப் போனேன். குரல் கேட்டது. பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து. நிதானமான, தூக்கமில்லாத ஒரு ஆளின் குரல். தெற்குப் பக்கத்துப் பேச்சு.

"ரெண்டு தடவ மிதிச்சா பிடிச்சிரும்லா?"

சுவர் சிவந்தது.

முதல் மிதி.

நகம் இரண்டாகப் பிளக்கும் சத்தத்தை நான் கேட்டேன். வலி பிறகுதான் வந்தது. பிஸ்டன் என் ஆள்காட்டி விரலைத் தட்டோடு வைத்து நசுக்கியது. மணிக்கட்டு வரை ரத்தம் பீறிட்டது. கத்தினேன்.

"வுட்ரா! டேய் திலீப்பு! வுட்ரா!"

சுவர் இருண்டது. ஆனால் பிஸ்டன் பின்வாங்கவில்லை.

"எவன்டா அது?"

ஸ்பிரிங் சத்தம். ஆள் வசதியாக உட்காரும் சத்தம்.

சுவர் மறுபடி சிவந்தது.

இரண்டாம் மிதி.

இது மெதுவாக வந்தது. அவசரமே இல்லாமல். நடுவிரல் எலும்பு முதலில் வளைந்தது. பிறகு காய்ந்த குச்சி மாதிரி… டப். அப்புறமும் நிற்கவில்லை. கூழாகும்வரை நெருக்கியது. காற்று நிறைந்த பெடலில் அந்த அழுத்தம் வராது. எஞ்சின் ஓடாத வண்டியில் வராது. மனிதக் காலால் வராது.

எழுந்தேன். கை அங்கேயே மாட்டியிருந்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போல இழுத்துக்கொண்டு பானெட்டுக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தேன்.

சீட் காலி.

ஆனால் சீட் அமுங்கியிருந்தது.

கீழே… பிரேக் பெடல் தரையோடு தரையாக ஒட்டியிருந்தது.

யாரும் இல்லை. பெடல் எழவில்லை.

ஒரே வழிதான் இருந்தது. வலது கையால் ஸ்பேனரைத் தேடினேன். ரத்தத்தில் வழுக்கியது. இரண்டு முறை கீழே போட்டேன். மூன்றாவது முறை நிப்பிளில் மாட்டித் திருப்பினேன். ஆயில் என் முகத்தில் அடித்தது.

நாங்கள் ஊற்றியது புது ஆயில். தேன் நிறம்.

வந்தது கறுப்பு. கொதித்தது.

பிஸ்டன் தளர்ந்தது. கை வெளியே வந்தது. விரல்கள் வரவில்லை.

பெடல் எழும் சத்தம் கேட்டது. க்ளக்.

ஸ்பிரிங் சத்தம். வண்டி நிமிர்ந்தது.

டக்… டக்.

2.31க்கு ஷட்டர் கிரீச்சிட்டது. திலீப் கையில் டீ பொட்டலத்தோடு நின்றான். அவன் முகத்தைப் பார்த்துத்தான் என் நிலைமை எனக்குத் தெரிந்தது.

"யார்ரா வந்தது உள்ள?" என்று கேட்டான்.

மயங்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் மிச்சத்தையும் வெட்டினார்கள். ஒட்டவைக்க அங்கே ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். வண்டி போகவில்லை. தாமோதரன் காலை ஐந்து மணிக்கு ஷெட்டுக்கு வந்து கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, தரையில் இருந்த ரத்தத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாராம். வாடகைக் காரில் ஊர்வலம் போய்க் கல்யாணம் நடந்தது. மலர் நன்றாக இருக்கிறாள். இப்போது மாசமாக இருக்கிறாள் என்று திலீப் சொன்னான்.

பன்னிரண்டாம் நாள் திலீப் என் வீட்டுக்கு வந்தான். ஒரு பழைய துணிப் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்தான். இடது காலிப்பர்.

"ரத்தம் காஞ்சி நாத்தம் அட்சிது. டீசல்ல கய்வுனேன். ஒன்னு கேக்கறேன், மறைக்காத. இத்த முன்னாடியே நீ பாத்துகீறியா?"

"இல்ல. ஏன்?"

திருப்பிக் காட்டினான். கிரீஸ் போன இடத்தில், இரும்பில், உளியால் குத்திய மூன்று புள்ளிகள். முக்கோணமாக.

மாதவரம் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை செய்தவன் தன் அடையாளத்தை அந்தப் பாகத்தில் குத்திவிட வேண்டும். அதே கோளாறு திரும்பி வந்தால் யார் செய்த வேலை என்று தெரிய. ஒருவனுக்கு ஒரு கோடு. ஒருவனுக்குப் பெருக்கல் குறி.

மூன்று புள்ளி என்னுடையது. திலீப்புக்கு அது தெரியும். இப்போதும் நான் அப்படித்தான் குத்துகிறேன்.

கட்டுப்போட்ட கையோடு எண்ணூர் போனேன். பக்ருதீன் பாய் என் கையைப் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"எந்த வண்டி பாய் அது?"

போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். வெள்ளைக் கால்டாக்ஸி. கூரையே இல்லை. டப்பா மூடியைத் திறந்த மாதிரி பின்னால் சுருண்டிருந்தது.

"ஒரு வருசத்துக்கு மேல போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல கெடந்துச்சு. ஏலத்துல எடுத்தேன். மணலி ரோட்ல நின்னுகினு இருந்த ட்ரெய்லருக்கு அடியில பூந்துட்ச்சு. டிரைவரு தெக்கால திசையன்விளை ஆளு. தலையே இல்ல. கால் மட்டும் பிரேக்குலயே கெடந்துச்சாம். எட்க்க முடில. பெடலோட சேத்து அறுத்துத்தான் எட்த்தாங்களாம்."

"பேரு?"

"ராசையானு எய்தியிருந்துச்சு."

தேதி கேட்டேன். சொன்னார். நான் மாதவரம் வேலையை விட்ட நாள். அன்று பகலில் வீட்டுக்கு வந்து படுத்தவன், இரவு வேலைக்குப் போகப் பிடிக்காமல் சிம்மை மாற்றினேன். அதனால்தான் எனக்கு எதுவும் தெரியவில்லை.

ராசையாவை எனக்கு நினைவிருக்கிறது. நாற்பது வயது. தூக்கமில்லாத கண்கள். வண்டியில் ஏறும்முன் கூரையில் மோதிரத்தால் இரண்டு தட்டு தட்டுவார். இறங்கும்போதும் தட்டுவார். சாமி கும்பிடுவது மாதிரி. ஏன் என்று நான் கேட்டதில்லை.

அந்தக் கடைசி இரவு அவர் வண்டிக்கு வேறொரு காரிலிருந்து கழற்றிய காலிப்பரை மாட்டினேன். மிதிக்க ஆள் இல்லை. இரவில் டிரைவரையே உட்காரவைப்போம். "நான் 'கை உள்ள'ன்னு சொன்னா நீங்க காலை எடுத்துட்டு 'கால் வெளிய'ன்னு சொல்லணும் அண்ணே," என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அவரும் ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னார்.

ஏர் போகவில்லை. நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடதும் வலதும் மாறியிருந்தது. மாற்ற இருபது நிமிடம் போதும். வெளியே ஆறு வண்டி நின்றது. மணி அதிகாலை மூன்று.

"தம்பி, பெடல் அடி வர போகுது," என்றார்.

"ரெண்டு தடவை மிதிச்சா பிடிச்சிக்கும் அண்ணே. எடுத்துட்டுப் போங்க," என்றேன்.

மூன்று புள்ளி குத்தினேன்.

ராசையா கூரையில் இரண்டு தட்டு தட்டி, ஏறி, போனார்.

நடந்தது இவ்வளவுதான். பயந்துபோய் கற்பனை செய்துகொண்டாய் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். சொல்லட்டும். அந்த ஜோடியைப் பக்கிங்காம் கால்வாயில் போட்டுவிட்டேன். ஷெட்டில் இரவு வேலையை நிறுத்திவிட்டோம். இப்போது பெடலில் நான் உட்காருகிறேன். திலீப் கீழே படுக்கிறான். அவன் "கை உள்ள" என்று கத்தினால் நான் காரைவிட்டே இறங்கி நின்று பதில் சொல்கிறேன்.

மாதவரம் ஷெட்டைத் தேடிப் போனேன். மூடிவிட்டார்கள். வண்டிகளை எல்லாம் ஆந்திரப் பக்கம் விற்றுவிட்டார்களாம். யாரிடம் என்று சொல்ல ஆள் இல்லை.

நிப்பிள் கீழே இருப்பதைப் பார்த்தும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் அனுப்பிவைத்த டாக்ஸிகளை ஞாபகப்படுத்தி எண்ணினேன். இரண்டு இரவு உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் ஐந்து. ராசையாவின் வண்டி ஒன்று, அதற்கு இரண்டு விரல்.

மீதி நான்கு.

எனக்கு விரல் எட்டு.